ஆறாத தகடு

ஓர்டன் நகரத்து நிக்கல் சுரங்கம் மூடி, அதன் இரும்பெல்லாம் பழைய இரும்புக்குப் போய், மலையைக் குடைந்த சத்தம் அடங்கி, வேலைக்கு ஊதின சங்கையும் கழற்றி எடுத்துப்போன பிறகும், நானூற்றுப் பதினேழு என்று இலக்கம் அடித்த ஒரு பித்தளைத் தகடு மட்டும் ஆறாமல் சுட்டுக்கொண்டிருந்தது. அது சுட்ட இருபத்தொன்பது வருசமும், அங்கிருந்து இரண்டு பகல் பஸ் ஓட்டத்துக்குத் தெற்கே, ரொறன்ரோவில், குலவீரசிங்கம் என்பவருடைய வலது உள்ளங்கை குளிர்ந்தே கிடந்தது. இரண்டுக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறதென்று அங்கேயும் ஒருவருக்கும் தெரியாது, இங்கேயும் ஒருவருக்கும் தெரியாது.

ரொறன்ரோச் சனம் அந்தக் கையைப் பெரிதாக எடுக்கவில்லை. கலியாணத்தன்று மணவறையில் கையைப் பிடித்துக் கொடுத்தபோது பவளராணி திடுக்கிட்டு ஐயரைப் பார்க்க, ஐயர் "கனடாக் குளிர், பிள்ளை" என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். ஆனி ஆடி வெயிலிலும் கை அப்படியே இருக்க, ஒரு டொக்டர் இரத்த ஓட்டம் என்றார், இன்னொரு டொக்டர் நரம்பு என்றார், மூன்றாவது டொக்டர் கையுறை போடச் சொன்னார், அதற்குள் அக்கம்பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துக்கடைக்குப் போகமுதல் இவருடைய கதவைத் தட்டி, நெற்றியிலே ஒருக்கால் கையை வைத்துவிடுங்கோ அண்ணை என்று கேட்கப் பழகிவிட்டார்கள். கைராசிக்காரன் என்று பேர் வந்தது. அந்தப் பேரைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் குலவீரசிங்கத்துக்கு உடம்பு கூசும்.

பவளராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிக்கிடுகிற ஆள் 'போறன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும் என்பது தமிழ் வீடுகளில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான், ஆனால் பவளராணி அதை ஓர் உத்தியோகம் மாதிரிப் பார்த்தாள். குளிர்பெட்டி திருத்த வந்த பெடியன் வாசலில் நின்று "சரி அன்ரி, போறன்" என்றால் அவனை மறித்து, திருத்தி, சரியாகச் சொல்லவைத்துத்தான் கதவைச் சாத்துவாள். போறன் என்பது திரும்பி வராதவர் சொல்லுகிற சொல் என்பது அவளுடைய முடிவு.

அவர்கள் இருந்த பகுதியில் மல்லிகை முதியோர் மன்றம் என்று ஒன்று இருந்தது. வருசத்துக்கு ஒருமுறை அது பஸ் பிடித்து ஊர் பார்க்கப் போகும். நயாகராவை ஏழு தரம் பார்த்துத் தண்ணீர் விழுவதில் எல்லாருக்கும் சலிப்பு வந்துவிட்டதால், மன்றத்தின் செயலாளர் அரியகுட்டி இந்த முறை வடக்கே, வரைபடத்தில் ரோட்டெல்லாம் ஒற்றைக் கோடாகிப் போகிற இடத்துக்கு, ஓர்டன் என்றொரு பழைய சுரங்க நகரத்துக்குப் போவதென்று அறிவித்தார். பவளராணி இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள். குலவீரசிங்கம் முழங்கால் நோ என்றார். பிறகு நெஞ்சில் ஏதோ செய்கிறது என்றார். அவள் இடியப்பமும் கட்டுச்சம்பலும் கட்டி, அவருடைய கையுறையையும் பைக்குள் வைத்து, "குந்தியிருந்தால் எல்லா நோவும் வரும், வெளிக்கிடுங்கோ" என்றாள்.

ஓர்டன் என்ற பேரை அவர் இருபத்தொன்பது வருசமாக வாயால் சொன்னதில்லை.

அவர் கனடாவுக்கு வந்த புதிதில், வேலை அனுமதி கைக்கு வரமுதல், ஜெர்மனிக்குப் போய்விட்ட இராசையா என்ற ஒருவனின் அட்டையை வாங்கி, அவனுடைய பேரிலே அந்தச் சுரங்கத்தில் ஆறு கிழமை வேலை செய்தார். இராசையா என்ற பேர் அங்குள்ள ஆட்களின் வாயில் ராஜா என்று சுருங்கிற்று. அந்தச் சுரங்கத்தில் ஒரு முறை இருந்தது: வாசலில் தகட்டு வீடு என்ற அறைக்குள் இரண்டு பலகைகள், மேல் பலகை, கீழ் பலகை, நிலத்துக்குக் கீழே இறங்குகிறவன் தன் தகட்டை எடுத்துக் கீழ் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்ததும் மேல் பலகைக்கு மாற்றுவான். ஆட்கள் இரண்டிரண்டு பேராக இணை. இணையாள் ஏறிவராமல் மற்றவன் தன் தகட்டை மேலே மாற்றக்கூடாது, வீட்டுக்கும் போகக்கூடாது. குலவீரசிங்கத்தின் தகடு நானூற்றுப் பதினேழு, அவருடைய இணை ரைமோ என்ற பின்லாந்துக்காரன், நானூற்றுப் பதினாறு, பேச்சுக் குறைந்தவன். நாள்தோறும் வேலை முடிந்து இரண்டு தகட்டையும் மாற்றியதும் ஒரே ஒரு வசனம் சொல்லுவான்: "நேரமாச்சு, வீட்டுக்குப் போவோம்."

ஏழாம் கிழமை திங்கட்கிழமை காலை, தகட்டைக் கீழ் பலகையில் மாட்டிய பிறகு, ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டின் மணிச்சத்தம் கேட்டபோது, குலவீரசிங்கத்தின் முழங்கால் இரண்டும் வேறு யாருடையதோபோல ஆடத் தொடங்கின. கூண்டு இறங்கும் கிடங்கின் இருட்டு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டமாதிரி இருந்தது. ரைமோ குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சொல்லாமல் போக வாய் வரவில்லை, போறன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஊரிலே பழகின வாயல்லவா, அது தன்பாட்டில் ஆங்கிலத்தில் சொல்லிற்று: "ஐ கோ அண்ட் கம், ரைமோ." ரைமோ நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினான். குலவீரசிங்கம் நடந்துபோய்ச் சந்தியில் நின்ற தெற்குப் பஸ்ஸில் ஏறினார்.

தமிழில் அது வெறும் விடைபெறுகிற சொல். ஓர்டனில் அது வாக்கு.

அன்று மத்தியானம் நாலாம் தட்டில் பாறை வெடித்து விழுந்தது. எல்லாரும் ஏறிவந்துவிட்டார்கள், நானூற்றுப் பதினேழின் ஆளை மட்டும் காணவில்லை. ராஜா போயிட்டு வருவேன் என்று சொன்னவன், ஏதோ ஏணி வழியாக முன்னுக்கே இறங்கிவிட்டான் என்று ரைமோ அடித்துச் சொன்னான். பதினொரு நாள் தேடினார்கள். ரொறன்ரோவில் ஒரு நிலக்கீழ் அறையில், உருளைக்கிழங்குத் தோல் சீவ விரித்த பேப்பரில் குலவீரசிங்கம் அதை வாசித்தார். ஒரு போன் எடுத்தால் போதும். முதல் நாள் வெட்கம் ஒரு சாண் இருந்தது, மறுநாள் ஒரு முழம், ஒன்பதாம் நாள் தேடப்போன ரைமோவின் இடது கால் பாறையில் நசிந்து எடுக்கவேண்டி வந்தது என்று வாசித்த பிறகு, போனைத் தூக்கவே முடியாதபடி அது வளர்ந்துவிட்டது. பேப்பரை மடித்துத் தோலோடு குப்பையில் போட்டார். கை குளிரத் தொடங்கினது அந்தக் கிழமைதான்.

இப்போது பஸ் ஓர்டனில் போய் நின்றது. கரும்புழுதி மலை ஒன்று, மஞ்சளாகிப்போன பேர்ச் மரங்கள், நீலமும் சிவப்பும் பூசின மரவீடுகள், எல்லாக் கூரையிலும் புதுப் பனி, ஒரு கூரையில் மட்டும் பனியில்லாமல் காகங்கள் குந்தியிருந்தன. அதுதான் தகட்டு வீடு. வாசலில் பொய்க்கால் போட்ட கிழவன் ஒருவன் நின்று, இறங்கின நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராய்க் கைகொடுத்தான். குலவீரசிங்கம் கையுறையைக் கழற்றாமல் தப்பப் பார்த்தார். "மரியாதை இல்லாமல் என்னப்பா" என்று பவளராணி அதை இழுத்துக் கழற்றினாள். ரைமோ அந்தக் கையை மற்றவர்களுடைய கையைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் வைத்திருந்துவிட்டு, அடுத்தவருக்குக் கையை நீட்டினான்.

உள்ளே அம்மன் கோயில் கருவறைபோல வெதுவெதுப்பாக இருந்தது. கீழ் பலகையில் இரண்டே இரண்டு தகடுகள். ரைமோ ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அரியகுட்டி அதைத் தமிழில் இரண்டு பங்காக்கிச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் தேடுதலை நிறுத்துவதென்று முடிவெடுத்து, தகட்டைக் கழற்றப் போனவன் கையை உதறினானாம், அது அப்போதுதான் ஒரு மனிதன் உள்ளங்கையிலிருந்து வைத்ததுபோலச் சுட்டதாம். சூடிருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். கம்பெனி வெப்பமானியோடு ஓர் அதிகாரியை அனுப்ப, அவர் பின்னால் சுடுதண்ணீர்க் குழாய் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், பின்னால் குழாயே இல்லை. பிறகு பெண்கள் பாண் மா பொங்கவைக்கத் தட்டோடு வந்தார்கள், பங்குனியில் தக்காளி நாற்று வைக்க வந்தார்கள், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே கிடத்தினார்கள், கிழங்கள் முழங்காலைக் காட்டிக்கொண்டு குந்தினார்கள், பாதிரியார் வந்து ஆசீர்வதிப்பதா வேண்டாமா என்று மூன்று வருசம் யோசித்துவிட்டு நாலாம் வருசம் தானும் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். சுரங்கம் மூடினபோது சுற்றியிருந்த ஊர்களெல்லாம் கதவுக்குப் பலகை அடித்துவிட்டு வெறுமையாய்ப் போக, ஓர்டன் சனம் மட்டும் போகவில்லை. கீழே ஆள் இருக்கும்போது எப்படிப் போவது? கிடங்கின் வாயை மூடவும் விடவில்லை. தகட்டுக்கு இடைக்கிடை காய்ச்சல் வரும். அப்போது ரைமோ துணியை நனைத்து அதன்மேல் போடுவானாம்.

"இவர் வீட்டுக்கே போறேல்லையாம்," என்று அரியகுட்டி குரலைத் தாழ்த்தினார். "இணையாள் ஏறாமல் போகக்கூடாதாம். மூண்டாம் தெருவில வீடு பூட்டிக் கிடக்காம். மனுசி பத்து வருசம் சாப்பாடு கொண்டுவந்து குடுத்துப்போட்டு, அலுத்துப்போய் மகளிட்டப் போயிட்டாவாம். இஞ்சதான் படுக்கை." ரைமோவின் கழுத்தில் ஒரு சாவி நூலில் தொங்குவதை எல்லாரும் பார்த்தார்கள்.

அரியகுட்டிக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "கவனியுங்கோ, ராஜா எண்டால் ஆர்? எங்கட தமிழன்! மண்ணுக்குக் கீழ கிடந்துகொண்டு ஒரு ஊருக்கே சூடு குடுக்கிறான்! இதுதான் தமிழன்ர மானம்!" கைதட்டல் எழுந்தது. ஒருவர் தேவாரம் எடுத்தார், ஒருவர் பைக்குள்ளிருந்து விபூதி எடுத்துத் தகட்டுக்கு மேலே பூசினார். சூடம் கொளுத்தத்தான் விடவில்லை. எல்லாரும் வரிசையில் நின்று தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். குலவீரசிங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்று இருந்தது, பிறகு, நிலத்துக்குள் இறங்கப் பயந்துதானே இவ்வளவும் என்று நினைவு வர, அந்த நினைப்புக்கும் வெட்கப்பட்டார்.

"ஒரேயொரு தரம்தான் ஆறினதாம்," என்று அரியகுட்டி தொடர்ந்தார். "நாலு வருசத்துக்கு முன்னம், மாசி பதினொண்டு காலமை, மூண்டு மணித்தியாலம் ஐஸாய்ப் போச்சுதாம். ஊரே வேலையை விட்டுட்டு ரோட்டில வந்து நிண்டதாம். பேந்து சூடு வர, கோயில் மணி அடிச்சவையாம்."

வரிசையில் நின்ற பவளராணி தகட்டைத் தொடாமல் திரும்பினாள். சுவரோரம் நின்ற புருசனைப் பார்த்தாள், அவருடைய முகத்தை அல்ல, கையை. பிறகு வெளியே போனாள். அவர் பின்னால் போனார்.

"மாசி பதினொண்டு காலமைதானே உங்களுக்கு நெஞ்சை வெட்டினவை," என்றாள். "மூண்டு மணித்தியாலம் இருதயத்தை நிப்பாட்டி வைச்சதெண்டு டொக்டர் சொன்னவர். நான் வெளியில கதிரையில இருந்தனான்."

"ஓம்."

"இஞ்ச வேலை செய்தனீங்களோ?"

"ஆறு கிழமை."

"முதல் வேலை கோப்பை கழுவினது எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அட்டையை, முழங்காலை, பஸ்ஸை, உருளைக்கிழங்குத் தோலை. முடிந்தபிறகு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"உங்களிட்டப் போன் இருக்கேல்லையோ?"

"இருந்தது."

பேர்ச் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. "இப்ப போய்ச் சொன்னால் இந்தச் சனத்துக்குச் சூடு போயிடும், பவளம். பாரும், கைக்குழந்தையொண்டு கிடக்கு உள்ள. எத்தினை பேர் இதை நம்பிக்கொண்டு இருக்கினம். சொல்லாமல் விடுறதுதான் இவையளுக்கு நல்லது." சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது, இது இரக்கமில்லை, அதே முழங்கால் நடுக்கம்தான்.

"சூடு வேணுமெண்டால் சனம் ஹீற்றர் பூட்டும்," என்றாள் பவளராணி. "அந்த மனுசன் எங்க போறது?"

அவள் அவரைத் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு வீதியைப் பார்த்தாள். ரோட்டின் அந்தக் கரையில் பஸ் கதவு திறந்தபடி நின்றது, சாரதி உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். முந்தியும் இப்படித்தான் ஒரு பஸ் கதவு திறந்தபடி நின்றது. குலவீரசிங்கம் தகட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

உள்ளே ஆட்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு கீழ் பலகைக்கு முன்னால் போய் நின்று, ஆங்கிலத்தில், தான் பிழையாகச் சொல்லிவிட்டுப் போன அதே ஆங்கிலத்தில் சொன்னார்: "ரைமோ, ஐ வென்ட் அண்ட் கேம்."

பிறகு மிச்சத்தையும் சொன்னார். தான் ராஜா இல்லை என்று, அன்றைக்கு இறங்கவே இல்லை என்று, நீங்கள் பாறைக்குள்ளே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தபோது நான் பஸ்ஸில் நித்திரையாய் இருந்தேன் என்று. அன்று முழுக்க அரியகுட்டி மொழிபெயர்க்காமல் விட்டது அந்தப் பேச்சு ஒன்றைத்தான். அவர் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, தேவாரம் பாடினவரும் விபூதி பூசினவரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராகக் கண்ணை நிலத்துக்கு இறக்கினார்கள்.

குலவீரசிங்கம் தகட்டைக் கழற்றினார். அது அவருடைய உள்ளங்கைக்குள், அடைகாத்த முட்டைபோல, அளவாய்ப் பொருந்தியது. மேல் பலகையில் மாட்டினார். மாட்டின கையோடு சூடு தகட்டிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து உள்ளங்கைக்கும் ஏற, தகடு வெறும் பித்தளையாயிற்று. அறை குளிர்ந்தது. தட்டுகளில் பொங்கிக்கொண்டிருந்த மா மெல்ல அமிழ்ந்தது. பலகைக்குக் கீழே கிடந்த பிள்ளை கண்விழித்து அழ, தாய் அதைத் தூக்கிக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் யாரோ ஒரு புது ஆளைப் பார்க்கிறமாதிரிப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

ரைமோ எழுந்தான். பொய்க்கால் பலகைத் தரையில் தட்ட நடந்துவந்து, நானூற்றுப் பதினாறைக் கழற்றி, நானூற்றுப் பதினேழுக்குப் பக்கத்தில் மாட்டினான்.

"கை தந்தபோதே தெரிந்தது," என்றான். "நீயாகச் சொல்லுவாய் என்று இருந்தேன்."

குலவீரசிங்கம் மன்னிப்பு என்ற சொல்லைத் தொடங்கினார். ரைமோ வாகனத்தை மறிக்கிறவன்போலக் கையை உயர்த்தினான். கதிரையில் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நேரமாச்சு," என்றான், "வீட்டுக்குப் போவோம்." அந்தப் பன்மை குலவீரசிங்கத்தின் நெஞ்சில் போய் இறங்கியது.

அன்று பின்னேரம் பஸ் வெளிக்கிட்டபோது, ஊர்ச்சனம் கொஞ்சம்பேர் கதவடியில் வந்து நின்றார்கள். ஏசவில்லை, கையும் காட்டவில்லை. தகட்டு வீட்டுக் கூரையில் பனி படியத் தொடங்கியிருந்தது. காகங்கள் இடத்தை மாற்றிக்கொண்டிருந்தன. ரைமோவும் நின்றான், வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவனின் தலைமயிரில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது. பஸ்ஸுக்குள் இருந்தபடி அரியகுட்டி, "சரி, எல்லாரும் சொல்லுங்கோவன்" என்றார், ஆனால் வழக்கமாகச் சொல்லுகிற 'போயிட்டு வாறம்' என்ற அந்தச் சொல்லைச் சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

குலவீரசிங்கம் படியில் நின்று திரும்பினார். ரைமோ கேட்பதற்குக் காத்துக்கொண்டு நின்றான்.

"போறன்," என்றார்.

ரைமோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சொல் அன்றையதைவிடக் கட்டையாக இருப்பதைக் கண்டுகொண்டான்போல, ஒருதரம் தலையாட்டிவிட்டு மூன்றாம் தெருப்பக்கம் திரும்பி நடந்தான்.

அவர் வந்து தன் இருக்கையில் இருந்தார். வலது கை இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு சுட்டது, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பவளராணி அந்தக் கையைத் தொடவில்லை. யன்னல்பக்கம் முகத்தைத் திருப்பி இருந்தாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும், நாலு வரிசைக்கு அப்பால் இருந்தவருக்கே கேட்டது. பஸ் சந்தியைத் தாண்டி, கரும்புழுதி மலையைத் தாண்டி, தெற்கு ரோட்டில் ஏறும்வரை அவர் காத்துக்கொண்டிருந்தார், அவள் திருத்துவாள் என்று.

அவள் திருத்தவில்லை.